பூட்டிய கடையின் பேரேடு: செட்டிநாட்டுச் சிறு கடைக்காரர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

காரைக்குடியில் சிறு கடைகளுக்குக் கணக்கு எழுதிக் கொடுப்பது என் தொழில். ஜவுளி, பாத்திரம், பலகாரம், ஃபேன்சி ஸ்டோர், செருப்பு, சலூன் என்று எல்லா வகைக் கடையின் வரவு செலவும் என் மேசைக்கு வந்திருக்கிறது. கொரோனா ஊரடங்குக்கு முன்னால் நான் எழுதிய கணக்குகளில் சில இன்று இல்லை. அந்தக் கடைகள் இருந்த இடத்தில் வேறு போர்டு தொங்குகிறது.

ஊரடங்கு போய் வருடங்கள் ஆகியும் அதைப் பற்றிய கேள்விகள் ஓயவில்லை. அப்போது வாங்கிய கடனை இன்னும் அடைப்பவர்கள் கேட்கிறார்கள், கடையை விட்டுவிட்டவர்களும் கேட்கிறார்கள். மறுபடி அப்படி ஒன்று வந்தால் என்ன செய்வது என்ற பயத்திலும் சிலர் கேட்கிறார்கள். வாசலில் நின்றபடி அரைகுறையாகப் பதில் சொல்லி அனுப்புவது எனக்கு மனசுக்கு ஒப்பவில்லை. அதனால் உட்கார்ந்து எழுதியிருக்கிறேன்.

கடைகள் மொத்தம் எவ்வளவு காலம் பூட்டியிருந்தன? எல்லாருக்கும் ஒரே அளவா?

ஒரே அளவு இல்லை. 2020 மார்ச் 22 ஞாயிறு மக்கள் ஊரடங்கு. 24-ஆம் தேதி மாலை 6 மணிக்குத் தமிழ்நாட்டில் 144 தடை உத்தரவு, அன்று நள்ளிரவிலிருந்து நாடு முழுவதும் 21 நாள் ஊரடங்கு. தமிழுக்குப் பங்குனி 11. நான் பார்க்கும் ஒரு ஜவுளிக்கடையின் சிட்டையில் (அன்றாடக் கணக்கு நோட்டில்) அன்றைக்கு இரண்டே வரவு: ஒரு துண்டு, இரண்டு உள்பாவாடை. அதற்குக் கீழே அடுத்த வரி மே மாதத்தில்தான் எழுதப்பட்டது. நடுவில் சித்திரை முதல் நாள் வந்து போனது. வழக்கமாக அன்று மஞ்சள் தடவிப் புதுக்கணக்கு போடும் கடை அது.

21 நாள் என்றது மே 3, மே 17, மே 31 என்று நீண்டுகொண்டே போனது. மளிகை, காய்கறி, மருந்துக்கு மட்டும் வழிவிட்டார்கள். ஏப்ரல் 5 முதல் மளிகைக்கடை காலை 6 மணியிலிருந்து பகல் 1 மணி வரைதான். மே 11-இல் 34 வகைக் கடைகளுக்கு அனுமதி வந்தது, டீக்கடையில் பார்சல் மட்டும். சலூன்கள் கிராமங்களில் மே 19, சென்னை நீங்கலான நகரங்களில் மே 24. பிறகு ஜூலையிலும் ஆகஸ்டிலும் எல்லா ஞாயிறும் முழு அடைப்பு. ஆடித் தள்ளுபடியில் ஜவுளிக்கடைக்காரர் காசு பார்ப்பதே ஞாயிற்றுக்கிழமைகளில்தான்.

2021-இல் ஏப்ரல் 20 முதல் இரவு ஊரடங்கும் ஞாயிறு அடைப்பும். மே 10 முதல் முழு ஊரடங்கு. மே 24-க்குப் பிறகு இரண்டு வாரம் மளிகைக்கடைக்கே பூட்டு, காய்கறி வண்டியில் மட்டும் தெருவுக்கு வந்தது. 2022 ஜனவரியில் மறுபடி மூன்று ஞாயிறு.

நாள் கணக்கைவிட அந்த நாள்கள் எங்கே விழுந்தன என்பதுதான் முக்கியம். அட்சய திருதியை 2020-இல் ஏப்ரல் 26, 2021-இல் மே 14. இரண்டு தடவையும் நகைக்கடை பூட்டிக் கிடந்தது. 2021-இல் ரம்ஜானும் அதே மே 14. துணி எடுத்து, தைத்து, கொடுத்துப் பிழைக்கும் தையல்காரருக்கு அந்த ஒரு மாதம்தான் வருடம்.

நாடு முழுக்கத்தான் பூட்டினார்கள். செட்டிநாட்டுக்கு மட்டும் என்ன தனி அடி?

நம் கடைத்தெரு உள்ளூர்க்காரர்களை மட்டும் நம்பி இருந்ததே இல்லை. கானாடுகாத்தான், பள்ளத்தூர், கோட்டையூர், தேவகோட்டை என்று எந்த ஊருக்குப் போனாலும் பெரிய வீடுகள் வருடத்தில் பெரும்பாதி பூட்டித்தான் கிடக்கின்றன. வீட்டுக்காரர்கள் சென்னையிலோ கோவையிலோ சிங்கப்பூரிலோ இருப்பார்கள். கல்யாணம், சாந்தி (அறுபதாம் கல்யாணம்), படைப்பு (முன்னோருக்குப் படையல்), கோயில் திருவிழா என்றால் வருவார்கள். அவர்கள் வந்து தங்கும் பத்து நாளில்தான் வெள்ளையடிப்பவர், பந்தல்காரர், சமையல் மாஸ்டர், பூக்கடை, வாழை இலை, பாத்திரக்கடை, பலகாரம் போடும் ஆச்சிமார், டாக்சிக்காரர், லாட்ஜ் எல்லாருக்கும் வருமானம். ஊருக்கு வருபவர்களால் வாழும் சந்தை இது. அவர்கள் வரும் வழி அடைபட்டபோது, இங்கே கடை திறந்திருந்தாலும் வியாபாரம் இல்லை.

கல்யாணத்துக்கு 50 பேர் என்று வரம்பு வைத்தார்கள். நகரத்தார் (நாட்டுக்கோட்டைச் செட்டியார்) வீட்டுக் கல்யாணத்தில் இலை போடுவதே நூற்றுக்கணக்கில். பெண்ணுக்குக் கொடுக்கும் சாமானை வளவு என்னும் உள்முற்றம் நிறையப் பரப்பி வைப்பது இந்த ஊர் வழக்கம். எவர்சில்வர், பித்தளை, வெள்ளி, மரச்சாமான், தடுக்கு, ஓலைக் கொட்டான் என்று எல்லாமே உள்ளூர்க் கடைகளில் எடுத்தவை. 2020 வைகாசியில் ஒரு பாத்திரக்கடைக்காரர் முன்பணம் கொடுத்திருந்த ஆச்சிக்கு என் எதிரிலேயே போன் போட்டார். ஸ்பீக்கரில் கேட்டது இவ்வளவுதான்: "வீட்டோட வச்சுத் திருப்பூட்டியாச்சுப்பா (தாலி கட்டியாச்சு). சாமானெல்லாம் அப்பறம் பாத்துக்கலாம்." அவர் "சரிங்க ஆச்சி, நல்லா இருக்கட்டும்" என்று சொல்லி வைத்துவிட்டு, அந்த ஆர்டருக்காக வரவழைத்த அண்டாக்களைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

இன்னொன்றை வெளியூர்க்காரர்கள் கவனிப்பதில்லை. செட்டிநாடு ஒரே நாடு போலப் பேசப்பட்டாலும் அரசுக் கணக்கில் இரண்டு மாவட்டம். காரைக்குடியும் தேவகோட்டையும் சிவகங்கை, அரிமளமும் ராயவரமும் கடியாபட்டியும் புதுக்கோட்டை. 2020 ஜூனில் மாநிலத்தை மண்டலங்களாகப் பிரித்தபோது சிவகங்கை மதுரைப் பக்கம் போனது, புதுக்கோட்டை திருச்சிப் பக்கம் போனது. நேற்று வரை சைக்கிளிலோ டவுன் பஸ்ஸிலோ வந்து சாமான் எடுத்தவர் ஒரே நாளில் இ-பாஸ் வாங்க வேண்டிய வெளியூர்க்காரர் ஆனார். மாநிலத்துக்குள் இ-பாஸ் ஒழிந்தது செப்டம்பர் 1-இல். மாவட்டம் விட்டு மாவட்டம் பஸ் ஓடியது செப்டம்பர் 7-இல். காரைக்குடிக் கடைகளுக்குக் கிட்டத்தட்ட ஆறு மாதம் வடக்கே புதுக்கோட்டைப் பக்கத்து வாடிக்கையே இல்லை.

மளிகைக்கடைக்காரர்கள் நன்றாகச் சம்பாதித்தார்கள் என்கிறார்களே?

விற்பனை கூடியது உண்மை. ஆனால் சரக்கு எடுக்க லாரி வாடகை ஏறியது, பாதி ஊர் கடன் சொல்லி வாங்கியது. நோட்டில் ஏறிய கடனில் ஒரு பகுதி இன்றுவரை வரவில்லை. அந்த நாள்களில் பசித்த வீட்டுக்குச் சாமான் கொடுத்த கடைக்காரர்களை நான் குறைத்துப் பேச மாட்டேன்.

கடை திறக்க அனுமதி வந்த பிறகும் ஏன் பல கடைகள் மூடின?

என் அனுபவத்தில் இதுதான் எல்லாக் கேள்விக்கும் தாய்க் கேள்வி. பூட்டியிருந்த நாளில் செத்த கடையை நான் அதிகம் பார்க்கவில்லை. திறந்த பிறகு வந்த ஆறு, எட்டு மாதத்தில்தான் செத்தன.

பூட்டியிருந்தபோது யாரும் யாரையும் கேட்கவில்லை. மொத்த வியாபாரி பேசாமல் இருந்தார், கட்டட உரிமையாளர் "பாத்துக்கலாம்" என்றார், ஏலச்சீட்டு நின்றது, தினமும் வட்டியோடு வசூலிக்கும் தண்டல்காரரும் தெருவில் நடமாட முடியவில்லை. ஷட்டரை ஏற்றிய அன்று எல்லாரும் ஒன்றாக வந்து நின்றார்கள். வாடிக்கையாளர் மட்டும் வரவில்லை. மாசியில் கடனுக்கு எடுத்த சரக்கு பங்குனி, சித்திரை, வைகாசி முகூர்த்தத்துக்கானது. அந்த முகூர்த்தம் போய்விட்டது. சரக்கு அலமாரியில் இருக்கிறது, பில் மேசையில் இருக்கிறது.

ஒரு சின்னக் கடையின் கணக்கைப் போட்டுக் காட்டுகிறேன். உதாரணத்துக்கு எடுத்த எண்கள்தான், ஆனால் இந்த ஊரில் நடக்கக்கூடியவை. நாளுக்கு 6,000 ரூபாய் வியாபாரம், நூற்றுக்கு 20 லாபம் என்றால் 1,200. மாதம் 26 நாளுக்கு 31,200. வாடகை 12,000, ஆள் சம்பளம் 9,000, கரண்ட் 1,500, ஆக 22,500 போனால் வீட்டுக்கு 8,700. இப்போது வியாபாரம் நூற்றுக்கு 40 குறைகிறது. நாளுக்கு 3,600, லாபம் 720, மாதம் 18,720. செலவு அதே 22,500. வருமானம் நூற்றுக்கு 40 குறைந்ததென்று வெளியே சொல்வார்கள். உள்ளே வீட்டுக்கு ஒரு ரூபாய் வராததோடு மாதம் 3,780 கையை விட்டுப் போகிறது. இந்தக் கடை தலை தப்ப நாளுக்கு 4,330 ரூபாயாவது விற்றாக வேண்டும். கடை திறந்திருக்கிறது, ஆள் நிற்கிறார், விளக்கு எரிகிறது, தெருவில் போகிறவருக்கு எல்லாம் சரியாகிவிட்டது போலத் தெரியும். கடைக்காரர் மட்டும் தினமும் நகையை எடுத்துக்கொண்டு அடகுக்கடைக்குப் போய்வருவார்.

ஒரு கடை திறந்த காலையில் நான் கூட இருந்தேன். ஷட்டரை ஏற்றியதும் எலிப்புழுக்கை வாடை. கல்லாப் பெட்டிக்குப் பின்னால் இருந்த லட்சுமி படத்து மாலை சருகாகி உதிர்ந்து கிடந்தது. கண்ணாடி அலமாரியில் வெளியே தெரிய அடுக்கியிருந்த சேலைகளில் வெயில் பட்ட மடிப்பு மட்டும் கோடாக வெளுத்திருந்தது. கடைக்கார அண்ணன் ஒரு பட்டுச் சேலையை எடுத்து உதறி, பழைய மடிப்பு விழாதபடி மாற்றி மடித்தார். "மடிப்ப மாத்திக்கிட்டே இருந்தாத்தான் சரிகை ஒடியாது தம்பி, ரெண்டு மாசம் அப்படியே கெடந்துருச்சு" என்றார். மதியம் வரை மடித்துக்கொண்டே இருந்தார். அன்றைக்கு விற்றது இரண்டு லுங்கி, முகக்கவசம் தைக்க ஒரு மீட்டர் காடா.

ஏற்கெனவே தள்ளாடிய கடைகள்தானே விழுந்தன? ஊரடங்கு மேல் ஏன் பழி?

தள்ளாடியது உண்மைதான். 2016 நவம்பரில் பணமதிப்பிழப்பு, 2017 ஜூலையில் ஜிஎஸ்டி, அதோடு போனில் பார்த்து வீட்டு வாசலில் வாங்கும் பழக்கம். கையிருப்பு கரைந்துதான் பல கடைகள் 2020-க்குள் வந்தன. ஆனால் தள்ளாடுகிற கடையெல்லாம் விழுந்தே தீரும் என்று யார் சொன்னது? ஒரு நல்ல முகூர்த்த சீசன் வந்தால் நிமிர்ந்துகொண்ட கடைகளை என் பேரேட்டிலேயே காட்ட முடியும். இங்கே போனது தொடர்ந்து இரண்டு வருட சீசன். "அவருக்கு வியாபாரம் தெரியல" என்று மூடிய கடைக்காரரைப் பற்றிப் பேசும்போது எனக்குக் கோபம் வருகிறது. முப்பது வருடம் வியாபாரம் தெரிந்தவருக்கு அந்தப் பதினைந்து மாதத்தில் மட்டும் தெரியாமல் போய்விடுமா?

அரசே பூட்டச் சொன்ன காலத்துக்கு வாடகை கொடுக்க வேண்டுமா?

சட்டப்படி, ஒப்பந்தத்தில் அப்படி ஒரு விலக்கு எழுதியிருந்தால் ஒழிய, கொடுக்கத்தான் வேண்டும். 2020 மே மாதம் டெல்லி உயர் நீதிமன்றம் ஒரு கடை வழக்கில் இதைச் சொன்னது: இடம் வாடகைதாரர் கையில் இருக்கும்வரை, ஊரடங்கைக் காட்டி வாடகையை நிறுத்த முடியாது. இயற்கைப் பேரிடர், கொள்ளைநோய், அரசு உத்தரவு ஆகியவற்றால் கடை பூட்டப்பட்டால் வாடகை பாதி அல்லது இல்லை என்று ஒரு வரி ஒப்பந்தத்தில் இருந்திருந்தால் கதை வேறு. நம் ஊரில் அந்த வரி இருக்காது. பல கடைகளுக்கு ஒப்பந்தமே இருக்காது, வாய்ச்சொல்தான். 2019 பிப்ரவரியிலிருந்து நடைமுறையில் உள்ள தமிழ்நாட்டு வாடகைச் சட்டம் எழுத்து ஒப்பந்தத்தையும் அதை வாடகை அதிகாரியிடம் பதிவதையும் கட்டாயமாக்கியிருக்கிறது. இனிப் புதுப்பிக்கும்போது அந்த ஒரு வரியைக் கேட்டு வாங்குங்கள்.

நடைமுறையில் நடந்தது வேறு. சில உரிமையாளர்கள் இரண்டு மாதம் வேண்டாம் என்றார்கள், அவர்களுக்குக் கோடிப் புண்ணியம். நிறையப் பேர் "அட்வான்சில் கழித்துக்கொள்ளலாம்" என்றார்கள். கேட்கும்போது உதவி போல இருந்தது. ஆனால் அட்வான்ஸ்தான் கடைக்காரரின் கடைசிச் சேமிப்பு. காலி செய்யும் நாளில் கைக்கு வரும் என்று நம்பியிருந்த பணம் அன்று பூஜ்யம். அந்த வழிக்குப் போயிருந்தால் எந்த மாதம், எவ்வளவு கழிந்தது என்று இருவரும் கையெழுத்திட்ட ஒரு தாளாவது இருக்க வேண்டும். என் மேசையில் வந்து நின்ற பாதிச் சண்டைகள் அந்தத் தாள் இல்லாததால் வந்தவை.

வங்கித் தவணையைத் தள்ளிப்போட்டார்களே, அதில் லாபமா நஷ்டமா?

ரிசர்வ் வங்கி 2020 மார்ச் 1 முதல் மூன்று மாதம் தவணை ஒத்திவைக்க அனுமதித்து, பிறகு ஆகஸ்ட் 31 வரை நீட்டியது. தள்ளுபடி என்று நினைத்தவர்கள் பலர். வட்டி ஓடிக்கொண்டேதான் இருந்தது. 5 லட்சம் கடனுக்கு 12 சதவீதம் என்றால் ஆறு மாதத்தில் சுமார் 30,000 ரூபாய் தலையில் ஏறியிருக்கும். வட்டிக்கு வட்டியை மட்டும் 2 கோடி வரையிலான கடன்களுக்குத் திருப்பிக் கொடுத்தார்கள். இந்த உதாரணத்தில் அது சுமார் 760 ரூபாய். ஒருவர் அந்தக் குறுஞ்செய்தியைக் காட்டி "என்னமோ பணம் போட்டிருக்கானே" என்று சந்தோஷமாகக் கேட்டார். விளக்கிச் சொல்ல எனக்கு மனமே வரவில்லை.

கையில் காசே இல்லாதவருக்கு ஒத்திவைப்பு மூச்சுவிட இடம் கொடுத்தது. காசு இருந்தும் தள்ளிப்போட்டவருக்கு நஷ்டம்தான்.

அரசு அறிவித்த கடனெல்லாம் எங்களுக்கு ஏன் கிடைக்கவில்லை?

2020 மே மாதம் 3 லட்சம் கோடி ரூபாய்க்கு அவசரக் கடன் உத்தரவாதத் திட்டம் அறிவித்தார்கள். ஈடு வேண்டாம், அரசே பொறுப்பு, வங்கி வட்டி 9.25 சதவீதத்துக்கு மேல் போகக்கூடாது. நல்ல திட்டம். ஆனால் அடிப்படை விதி இது: 2020 பிப்ரவரி 29 அன்று உங்கள் பெயரில் எவ்வளவு கடன் பாக்கி இருந்ததோ அதில் 20 சதவீதம். 2 லட்சம் பாக்கி இருந்தால் 40,000. பாக்கியே இல்லை என்றால் ஒன்றுமில்லை. கடன் வாங்காமல் கட்டுசெட்டாகக் கடை நடத்தியவரும், வங்கிப் படி ஏறாமல் தண்டலில் காலம் தள்ளியவரும் வெளியே நின்றார்கள். மிகச் சிறிய கடைகளுக்கு அது எட்டாமல் போனதை நான் அந்தத் திட்டத்தின் பெரிய குறையாகவே பார்க்கிறேன். 2023 மார்ச் 31-உடன் அது முடிந்தும் போனது.

தள்ளுவண்டி, நடைபாதைக் கடைகளுக்கு 2020 ஜூனில் வந்த பிஎம் ஸ்வாநிதி உண்மையிலேயே உதவியது. முதலில் 10,000, ஒழுங்காகக் கட்டினால் 20,000, பிறகு 50,000. வட்டியில் 7 சதவீத மானியம். இப்போது முதல் தவணை 15,000, இரண்டாவது 25,000 என்று உயர்த்தி, திட்டத்தை 2030 மார்ச் வரை நீட்டியிருக்கிறார்கள். சந்தைப்பேட்டையில் கடை போடுகிறவர்கள் நகராட்சியாக இருந்து மாநகராட்சி ஆகிவிட்ட நம் அலுவலகத்தில் விசாரிக்கலாம்.

சில்லறை, மொத்த வியாபாரிகளைச் சிறு, குறு தொழில்களில் சேர்த்தது 2021 ஜூலை 2-இல். அதுவும் முன்னுரிமைக் கடனுக்காக மட்டும். சிறு, குறு தொழிலுக்கான உத்யம் பதிவு இலவசம். ஆதாரும் பான் கார்டும் இருந்தால் பத்து நிமிட வேலை. இடைத்தரகருக்கு ஆயிரம், இரண்டாயிரம் கொடுக்காதீர்கள்.

வேலை பார்த்த பிள்ளைகளுக்குச் சம்பளம் கொடுத்திருக்க வேண்டுமா?

2020 மார்ச் 29-இல் மத்திய உள்துறை முழுச் சம்பளம் கொடுக்கச் சொன்னது. மே 18-இலிருந்து அந்த உத்தரவு இல்லை. ஜூனில் உச்ச நீதிமன்றம் முதலாளிகள் மேல் கட்டாய நடவடிக்கை வேண்டாம், பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள் என்றது. சட்டம் இப்படி ஊசலாடியபோது கடைக்காரரும் வேலையாளும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அரைச் சம்பளமும் ஒரு மூட்டை அரிசியும் கொடுத்தவர்களை எனக்குத் தெரியும். போனையே எடுக்காதவர்களையும் தெரியும்.

இதில் கடைக்கு விழுந்த அடி வெளியே தெரியாதது. பதினைந்து வருடம் ஒரே கடையில் நின்ற சேல்ஸ் அக்காவுக்கு எந்த வீட்டுக்கு எந்தக் கரை பிடிக்கும் என்று மனப்பாடம். அவர் வரும் கிராமத்துக்குப் பஸ் இல்லை. ஐந்து மாதத்தில் நூறுநாள் வேலைக்குப் போய்விட்டார், திரும்பவில்லை. அவரோடு அந்த வீடுகளும் வருவது குறைந்தது. எந்த நஷ்டக் கணக்கிலும் இதை எழுத எனக்கு ஒரு தலைப்பு இல்லை.

கடைக்கு இன்சூரன்ஸ் இருந்தது. பூட்டிய நாளுக்கு இழப்பீடு ஏன் தரவில்லை?

வழக்கமான கடை இன்சூரன்ஸ் தீ, வெள்ளம், திருட்டு போல பொருளுக்குச் சேதம் வந்தால்தான் தரும். சுவரும் சரக்கும் முழுசாக இருக்க, வியாபாரம் மட்டும் நின்றதற்கு அதில் இடமில்லை.

பழம்பொருள், கண்டாங்கிச் சேலை, ஆத்தங்குடித் தரைக்கல் விற்பவர்கள் எப்படித் தாங்கினார்கள்?

மூன்றும் மூன்று விதம். முனீஸ்வரன் கோயில் தெருவின் பழம்பொருள் கடைகளுக்கு மார்கழி, தையில் வரும் வெளிநாட்டுப் பயணிகள்தான் தெம்பு. சுற்றுலா விசாவை 2020 மார்ச் நடுவில் நிறுத்தினார்கள். சாதாரண விமானத்தில் வருகிறவர்களுக்கு மறுபடி கொடுத்தது 2021 நவம்பரில். வழக்கமான சர்வதேச விமானங்கள் ஓடத் தொடங்கியது 2022 மார்ச் 27. ஆக இரண்டு குளிர்காலம் முழுசாகப் போனது. பழம்பொருள் கெட்டுப்போகாது என்பது ஒரு ஆறுதல், ஆனால் வாடகையும் பழசாகாதே.

ஆத்தங்குடியில் கல் போடுவது கை வேலை. கண்ணாடிச் சட்டத்தின் மேல் அச்சு வைத்து, சாயம் ஊற்றி, மணலும் சிமெண்டும் போட்டு, தண்ணீரில் ஊறவைத்து எடுக்க வேண்டும். வெளியூரில் கட்டடம் நின்றால் இங்கே தொட்டி காலி. ஆனால் கட்டட வேலை தொடங்கியதும் ஆர்டர் மீண்டது, நின்றுபோன வீடுகளை முடித்துத்தானே ஆக வேண்டும்.

கண்டாங்கி நிலை எனக்கு மனக்கஷ்டம். 2019-இல்தான் புவிசார் குறியீடு கிடைத்தது. இனி நல்ல காலம் என்று தறிக்காரர்கள் பேசிக்கொண்டிருந்தபோதே நூல் வரவு நின்றது, கண்காட்சிகள் நின்றன. தறியை விட்டு வேறு வேலைக்குப் போன இளைஞனைத் திரும்பக் கூட்டி வருவது லேசில்லை.

ஆன்லைனில் விற்றிருந்தால் பிழைத்திருக்கலாம் அல்லவா?

எல்லாவற்றுக்கும் அந்த மருந்து வேலை செய்யாது. தேன்குழல், மனகோலம், சீப்புச் சீடை, மாவுருண்டை போட்டவர்கள் வாட்ஸ்அப்பில் படம் அனுப்பி, கூரியரில் அனுப்பிப் பிழைத்தார்கள். ஊருக்கு வர முடியாத வீடுகள் ஊர்ப் பலகாரத்தையாவது வரவழைத்துக்கொண்டன. அப்படித் தொடங்கியவர்கள் சிலர் இன்று முன்பைவிட நன்றாக இருக்கிறார்கள். 2020 ஜூனில் தொடங்கிய குறு உணவுப் பதப்படுத்தும் திட்டத்தில் இயந்திரத்துக்கு 35 சதவீத மானியம், 10 லட்சம் வரை கொடுத்தார்கள். மாவு அரைக்கும் இயந்திரம், பாக்கிங் இயந்திரம் எடுக்க முடிந்தது.

ஆனால் செருப்புக்கடை, ரெடிமேட், பிளாஸ்டிக் சாமான் கடை விலையில் பெரிய ஆன்லைன் நிறுவனங்களோடு மோத முடியாது, மோதவும் வேண்டாம். அவர்களில் தப்பியவர்களிடம் இருந்தது வாடிக்கையாளர்களின் போன் நம்பர். "அக்கா, பிள்ளைக்குப் பள்ளிக்கூட ஷூ அளவு வந்திருக்கு, தம்பிகிட்ட குடுத்து விடவா?" என்று கேட்கத் தெரிந்த கடை நிலைத்து நின்றது.

மறுபடி அப்படி ஒரு பூட்டு வந்தால்? இப்போதே என்ன செய்யலாம்?

முதலில் உங்கள் கடையின் மாதச் செலவைக் கூட்டுங்கள். சரக்கு நீங்கலாக வாடகை, சம்பளம், கரண்ட், வட்டி. அதில் மூன்று மாதத்துக்கானதைத் தனிக் கணக்கில் சேர்க்கப் பாருங்கள். மேலே சொன்ன கடைக்கு அது 67,500. ஒரேயடியாக முடியாது, தீபாவளிக்கு ஒரு பங்கு, தைக்கு ஒரு பங்கு என்று போடலாம். இதைச் செய்த கடைகள் விரல்விட்டு எண்ணக்கூடியவை, அவை எல்லாம் விழாமல் நிலைத்து நின்றன.

சீசன் சரக்கு முழுவதையும் கடனில் எடுக்காதீர்கள். பாதியைத் திருப்பித் தரலாம் என்ற பேச்சில் எடுங்கள். வீட்டுப் பணத்தையும் கடைப் பணத்தையும் ஒரே பெட்டியில் போடாதீர்கள். நம் தாத்தாமார் பர்மாவிலும் மலாயாவிலும் கடை வைத்திருந்தபோது பெட்டியடி ஆள் கடைப்பணத்தைத் தினமும் எண்ணி எழுதிவைத்தார், ஐந்தொகை (கடையின் இருப்புநிலைக் கணக்கு) போட்டு ஊருக்கு அனுப்பினார்கள். அந்தப் பழக்கத்தின் பாதி இருந்தாலே, எந்த மாதம் கடையை நடத்தலாம், எந்த மாதம் சுருக்கிக்கொள்ளலாம் என்று முன்கூட்டியே தெரியும்.

கடையை ஓட்டத் தண்டல் வட்டிக்கு மட்டும் கடன் வாங்காதீர்கள். 2003 முதல் தமிழ்நாட்டில் கந்துவட்டிக்கு எதிராகச் சட்டம் இருக்கிறது, மிரட்டினால் புகார் கொடுக்கலாம். ஆனால் வாங்கிய பிறகு புகார் கொடுக்கும் துணிவு எத்தனை பேருக்கு வருகிறது என்பதை நான் பார்த்திருக்கிறேன்.

கடையைக் காலி செய்து சாவியைக் கொடுத்துவிட்டேன். இன்னும் ஏதாவது பாக்கி உண்டா?

உண்டு. ஜிஎஸ்டி பதிவை ரத்து செய்ய விண்ணப்பியுங்கள். வியாபாரம்தான் இல்லையே என்று விட்டுவிட்டால், நில் ரிட்டர்ன் (வியாபாரம் பூஜ்யம் என்று காட்டும் கணக்கு) போடாததற்கே நாளுக்கு 20 ரூபாய் ஏறும். ரத்தான பிறகு மூன்று மாதத்துக்குள் இறுதி ரிட்டர்ன் போட வேண்டும். இதை அறியாமல் மூடிய கடைக்கு அபராதம் கட்டியவர்கள் என்னிடமே வந்திருக்கிறார்கள். பிறகு கரண்ட் டெபாசிட், உரிமம், வங்கி நடப்புக் கணக்கு.

பேரேட்டை எடைக்குப் போடாதீர்கள். சட்டத்துக்காகவும் சில வருடம் வைத்திருக்க வேண்டும், ஆனால் நான் சொல்வது அதற்காக மட்டும் இல்லை. 2021-இல் கடைக்காரரை இழந்த ஒரு வீட்டில், அவர் எழுதிய பற்றுப் பக்கங்களை (கடன் பாக்கி எழுதியவற்றை) அந்த அக்கா என்னிடம் கொண்டுவந்தார். பெயர், ஊர், தொகை, எல்லாம் அவர் கையெழுத்தில். நாங்கள் ஒவ்வொருவருக்கும் போன் செய்தோம். கட்டாயப்படுத்தவில்லை, பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பினோம். சிலர் எடுக்கவில்லை. பலர் கொடுத்தார்கள். கல்லலிலிருந்து ஒரு பெரியவர் பஸ் ஏறி நேரில் வந்து, 1,850 ரூபாயை அந்த அக்கா கையில் வைத்து, பேரேட்டில் தன் பெயருக்கு எதிரே வரவு எழுதச் சொல்லி, எழுதும்வரை நின்று பார்த்துவிட்டுப் போனார்.